சப்வூஃபர் ரீகோன் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? கருகுன காயிலைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

தம்பி கேட்டது இதுதான். ஸ்விஃப்ட் டிக்கியில 12 இன்ச் சப்பு, டபுள் காயில் (கோனை ஆட்டுற கம்பிச் சுத்து ரெண்டு), ஒவ்வொண்ணும் 2 ஓம், மேல 1000 வாட் ஆர்எம்எஸ்னு (தொடர்ந்து தாங்குற பவர்) போட்டிருக்கு, காத்து போற குழாய், அதாவது போர்ட், வச்ச பாக்ஸ், 1 ஓம்ல ஓடுற மோனோ ஆம்ப். ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வண்டியை மரத்தடியில நிப்பாட்டி, இன்ஜினை ஆன்ல போட்டு ரெண்டு மணி நேரம் பாட்டு ஓட்டியிருக்காவ. மொதல்ல பேஸ் கொறஞ்ச மாதிரி இருந்துச்சாம், ஆம்ப்ல கெயின்ங்கிற குமிழைத் திருகிக் கூட்டியிருக்காவ, அப்பறம் கரகரன்னு ஒரு சத்தம், அப்பறம் ஒரு கருகல் வாடை, அப்பறம் ஒண்ணுமே இல்ல. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில காமிச்சா ரீகோன் பண்ணி, அதாவது கோனையும் காயிலையும் மாத்தித் தாரோம்ங்காவளாம், கூட்டாளி புதுசு வாங்குலேங்கானாம், எதைச் செய்யன்னு கேட்டிருக்கிய. கூடவே இனிமே இது மாதிரி ஆவாம எப்படிப் பாத்துக்கிடணும்னும் கேட்டிருக்கிய.

நான் பாளையங்கோட்டையில மைக்செட் கடையில கோன் மாத்திப் பழகுனவன், அப்பறம் கார் சப்பு பக்கம் வந்துட்டேன். எம்பேச்சு ஒண்ணுதான். சப்பு ஏன் செத்துச்சுன்னு தெரியாம ரீகோனும் பண்ணாதிய, புதுசும் வாங்காதிய. காரணம் வண்டியிலயே உக்காந்திருந்தா ரெண்டாவது சப்பும் அடுத்த கொடையில அதே மரத்தடியில போயிரும்.

நீங்க சொன்ன கதையிலயே பாதி பதில் இருக்கு, "மொதல்ல பேஸ் கொறஞ்சுது"ன்னு சொன்னிய பாத்தியளா, அங்ஙனதான் விஷயம். ஸ்பீக்கருக்கு நீங்க 100 வாட் குடுத்தா அதுல சத்தமா வெளிய வாரது ஒண்ணு ரெண்டு வாட்டுதான், மிச்சம் அத்தனையும் காயில்ல சூடாத்தான் நிக்கும். காயில் தாமிரக் கம்பி. தாமிரம் சூடாவச் சூடாவ அதோட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் வீதம் ஏறிக்கிட்டே போவும். 25 டிகிரியில இருந்து 200 டிகிரிக்குப் போயிட்டுன்னு வையுங்க, 4 ஓம் காயில் கிட்டத்தட்ட 6.7 ஓம் காயிலா மாறிரும். அப்ப அதே வோல்டேஜுக்கு ஆம்ப்ல இருந்து இழுக்கிற பவர் கொறையும், பேஸ் அடங்கும். சப்பு "எனக்கு சூடு தாங்கல, கொஞ்சம் நிப்பாட்டு"ன்னு சொல்லுது, நாம அதுக்குச் சத்தம் பத்தலன்னு நெனச்சு கெயினைத் திருகுதோம். கெயினைத் திருகுனது சாவுக்கு மாலை போட்ட மாதிரி.

இன்னொரு பக்கம் வண்டி ஐடில்ல நிக்குது. 1000 வாட் வெளிய வரணும்னா கிளாஸ் டி வகை ஆம்ப் பேட்டரியில இருந்து ஒரு 1250 வாட்டாவது இழுக்கும், அது 12.5 வோல்ட்ல 100 ஆம்பியர். பாட்டுல எப்பவும் முழு பவர் போவாதுதான், ஆனா கொடைக்குப் போடுற பாட்டெல்லாம் பேஸ் மூச்சு விடாம ஓடுற பாட்டு. சின்ன காரோட ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் எடுத்துக் குடுக்கிறது) ஐடில்ல அதுல பாதி கூடக் குடுக்காது. பேட்டரி இறங்கும், 14.4ல இருந்த வோல்டேஜ் 11.5க்கு வந்துரும். ரெகுலேட்டட் இல்லாத, அதாவது வோல்டேஜ் இறங்குனா தானா சமாளிக்காத ஆம்புக்கு வோல்டேஜ் அந்தளவு கொறஞ்சா பவர் மூணுல ரெண்டு பங்குக்கு வந்துரும், அதாவது 1000 வாட் ஆம்ப் 640 வாட்லயே தலை முட்டி நின்னுரும். அதுக்கு மேல கெயினைக் கூட்டுனா அலையோட தலையையும் காலையும் வெட்டி சதுரமா அனுப்பும், இதைத்தான் கிளிப்பிங்னு சொல்லுதாவ. முழுச் சதுர அலைக்கு அதே உச்சத்துல இருக்கிற சைன் அலையை விட ரெண்டு மடங்கு பவர். ஆக 640 வாட் கணக்குல இருந்த ஆம்ப், நீங்க கூட்டக் கூட்ட 1200ஐ நோக்கிப் போவுது, சத்தம் கூடுன மாதிரியும் தெரியாது, அந்தச் சூடு மட்டும் காயில் தலையில விழுது. கிளிப் ஆனா டிசி (ஒரே திசையில நிக்கிற கரண்ட்) போயி சப்பை எரிச்சிரும்னு சொல்லுவாவ, அது சரியில்ல. நிக்காம ஏறுன சூடுதான் எரிக்கிது, வேற மாயம் ஒண்ணும் இல்ல.

சரி, இதெல்லாம் என் ஊகம். உங்க சப்பைப் பாத்தாத்தான் உறுதி. மொதல்ல ஆம்ப் வயரையும் ரெண்டு காயிலையும் சேக்கிற வயரையும் கழட்டிட்டு மல்டிமீட்டரை ஓம்ல வையுங்க, ஒவ்வொரு காயிலையும் தனித்தனியா பாருங்க. ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாத்தா 0.2, 0.3ன்னு காட்டும், அது மீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸ், அதைக் கழிச்சிக்கிடுங்க. 2 ஓம் காயில் நல்லா இருந்தா 1.6ல இருந்து 1.9க்குள்ள எங்கயாவது காட்டும், சரியா 2 காட்டாது, அதுக்காகப் பயப்பட வேண்டாம். 1க்குக் கீழ போயிட்டுன்னா உள்ள சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. ஒண்ணுமே காட்டலன்னா அந்துபோச்சு. ரீடிங் எடுக்கும்போது கோனைத் தொடாதிய, கோன் அசைஞ்சா காயிலே சின்ன டைனமோ மாதிரி கரண்ட் எடுத்து மீட்டரைக் குழப்பும். அசையாம ஒரு ரீடிங், அப்பறம் கோனை அமுக்கிப் பிடிச்சு அசையாம ஒரு ரீடிங். ஒரு எடத்துல காட்டி இன்னொரு எடத்துல காட்டலன்னா காயில் போவல, டெர்மினல்ல இருந்து கோனுக்குப் போற பின்னல் வயர் உள்ளுக்குள்ள அந்திருக்கு. அதுன்னா ரீகோனே வேண்டாம், அரை மணி நேரச் சோலி. இதைப் பாக்காம முழுக் கோன் செட்டுக்கும் காசு வாங்குன கடையும் நான் பாத்திருக்கேன்.

அடுத்து ரெண்டு கையையும் விரிச்சு கோனோட எதிரெதிர் பக்கம் வச்சு, நேரா, ஒரே சமமா அமுக்குங்க. வழுக்கிக்கிட்டுப் போயி வழுக்கிக்கிட்டு வரணும். சர்ர்னு மண்ணுல ரம்பம் போட்ட மாதிரி இருந்தா காயில் உரசுது. ஒரு பக்கமா அமுக்கிப் பாத்துட்டு உரசுதுன்னு சொல்லாதிய, ஒரு பக்கமா அமுக்குனா புது சப்பும் உரசும்.

ஆம்பையும் விட்டுராதிய. ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணி, பாட்டு இல்லாம, அவுட்புட்ல டிசி வோல்ட் பாருங்க. மில்லிவோல்ட் கணக்குல இருந்தா சரி. வோல்ட் கணக்குல நின்னா ஆம்ப் போயிட்டு, அதுல புதுக் காயிலை மாட்டுனா ஆன் பண்ண ஒடனே கோன் ஒரு பக்கமா எகிறி நின்னு கருகும்.

இப்ப சப்பை அறுக்கப் போறோம். கோன் நடுவுல இருக்கிற மூடியை பிளேடால சுத்தி அறுத்து எடுத்துட்டு டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, அப்பறம் ஸ்பைடரையும் (காயிலை நடுவுல பிடிச்சிருக்கிற மடிப்புத் துணி) கோன் ஓரத்து ரப்பரையும் அறுத்து கோனோட காயிலைத் தூக்குங்க. வெளிய வந்த காயிலைத் தூர எறிஞ்சிராதிய, அதுதான் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டு. சுத்து முழுக்க ஒரே மாதிரி கருத்து, வார்னிஷ் பொங்கி நின்னா சுத்தமா சூட்டுல செத்தது, உங்க கேஸ் இதாத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கம்பி மினுமினுன்னு தேஞ்சிருந்தா காயில் நடுவுல இல்லாம உரசியிருக்கு, இல்ல சப்பு கீழ விழுந்து மேக்னட் நகந்திருக்கு. காயில் சுத்தியிருக்கிற குழலோட அடி விளிம்பு காளான் மாதிரி விரிஞ்சு நசுங்கியிருந்தா கோன் ரொம்பத் தூரம் ஓடிப் போயி அடித்தட்டுல இடிச்சிருக்கு, அது பவரோட குத்தம் இல்ல, பாக்ஸோட குத்தம், இல்லைன்னா ரொம்ப அடி அதிர்வெண்ணை வெட்டுற சப்சோனிக் ஃபில்டர் போடாத குத்தம். மேல்பாதி மட்டும் கருத்து கீழ்பாதி தாமிர நிறமாவே இருந்தா காயில் உயரம் மாத்தி ஒட்டியிருக்கு, அதாவது இதுக்கு முன்னாடியே எவனோ ரீகோன் பண்ணி வித்திருக்கான், செகண்ட்ஹேண்ட்ல வாங்குனவிய இதைக் கட்டாயம் பாருங்க.

இதுல நம்ம சீமைக்குன்னு ஒரு வியாதி இருக்கு. உவரிப் பக்கத்துல இருந்து ஒரு பையன் 15 இன்ச் சப்பு கொண்டாந்தான், ஓம் ரீடிங் சரியா இருக்கு, சத்தமும் வருது, ஆனா அடி பேஸ்ல கரகரங்குது. ரெண்டு கடையில காயில் உரசுது, கோன் மாத்தணும்னு சொல்லி அனுப்பிட்டாவ. நான் மூடியை அறுத்து டார்ச் அடிச்சா மேக்னட் கேப்புல, அதாவது காயில் ஓடுற இடுக்குல, கன்னங்கரேல்னு மீசை மொளச்ச மாதிரி ஒரு வளையம். கடக்கரை கருமணல்! அந்தக் கரையில மணல்ல இல்மனைட்டு கெடக்கு, அதுல இரும்பு இருக்கு, காந்தம் பலமா இருந்தா அதை இழுத்துப் பிடிச்சிக்கிடும். சப்போட பின்பக்கம் காத்து போற ஓட்டையில இருந்த வலையைக் காணோம், டிக்கியில செருப்போட மண்ணு, ஒவ்வொரு பேஸுக்கும் கோன் மூச்சு இழுக்கும்போது மணலையும் சேத்து இழுத்திருக்கு. காத்து பிரஷர் வச்சு ஊதுனா அது அந்தப் பக்கம் தாவி திரும்பவும் ஒட்டிக்கிடும், ஊதி ஒரு புண்ணியமும் இல்ல. கனமான பிளாஸ்டிக் அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பைச் சுத்தி, கேப்புல விட்டு வளையமா ஒரு சுத்து, எடுத்துப் பாத்தா கறுப்பா இருக்கும், டேப்பை மாத்தி திரும்ப. அன்னைக்கு இருவது சுத்துக்கு மேல போயிட்டு, டேப்பு வெள்ளையா வெளிய வார வரைக்கும் எடுத்தேன். காயில் ஓரம் கொஞ்சம் கீறியிருந்துச்சு, வார்னிஷ் தொட்டு வச்சு, புது மூடி ஒட்டி, பின்னாடி வலை போட்டுக் குடுத்தேன். அந்தச் சப்பு இன்னும் ஓடுது.

சரி, உங்க சப்பு ரீகோனுக்குத் தகுதியா? அலுமினிய வார்ப்புச் சட்டமா இருந்து, மேக்னட் நகராம, கேப்புல துரு இல்லாம இருந்து, அசல் கம்பெனி கோன் கிட் கிடைச்சா ரீகோன்தான், யோசிக்கவே வேண்டாம். சப்புல வெலை அதிகமான பாகமே சட்டமும் மேக்னட்டும்தான், அது ரெண்டும் சூட்டுல சாவாது. ஃபெரைட் மேக்னட் இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது, நியோடிமியம்னா மட்டும்தான் ரொம்ப சூடானா காந்தம் கொறையலாம். சன்டவுன், டிடி மாதிரி கம்பெனிவ ரீகோன் கிட்டுன்னே தனியா விக்காவ. அதுவே தகரச் சட்டம், ஒரு சின்னக் காயில், மேல மட்டும் 2000 வாட்டுன்னு ஸ்டிக்கர், அப்படின்னா அதுல காசைப் போடாதிய. கிட்டும் கூலியும் சேந்து புதுசோட வெலையில பாதியைத் தாண்டுனாலே நான் புதுசு வாங்கச் சொல்லிருவேன்.

அசல் கிட் இல்ல, வேற கிட் போடுதோம்னு கடையில சொன்னா ரெண்டு தரம் யோசிங்க. ஸ்பீக்கரோட எடை, ஸ்பிரிங், காந்தத்தோட இழுப்பு எல்லாத்தையும் எண்ணாக்கி அதை வச்சு பாக்ஸ் அளவு போடுற கணக்கை 1961ல நெவில் தீல்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் எழுதுனாரு, அப்பறம் 70கள்ல ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிச்சாரு. இன்னைக்கும் நீங்க போடுற போர்ட் பாக்ஸ் அந்தக் கணக்குலதான் நிக்கிது. கனமான கோனும் இறுக்கமான ஸ்பைடரும் மாத்திப் போட்டுட்டா அந்த எண்ணெல்லாம் மாறிரும், உங்க பாக்ஸ் இனிமே வேற எவனோ சப்புக்கு அடிச்ச பாக்ஸ் மாதிரி. சத்தம் வரும், பழைய அடி வராது.

இன்னொரு வழியும் சொல்லுவாவ, மோட்டார் காயில் கட்டுற கடையில குடுத்து அதே குழல்ல புதுசா சுத்திக்கிடலாம்னு. மைக்செட் ஸ்பீக்கருக்கு இது நடக்கும், காலங்காலமா நடக்குது. கார் சப்புக்கு நானும் ஒரு தடவை ஆசைப்பட்டுச் செஞ்சேன். நாலு அடுக்குக் காயில், கம்பி கேஜ் அதே கேஜ், ஓம் அச்சு அசலா வந்துச்சு, சந்தோசமா கேப்புல எறக்குனா எறங்க மாட்டேங்குது. கையால சுத்துனதுல அரை மில்லி கனம் கூடிட்டு! கேப்புல காயிலுக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கிற எடமே அவ்வளவுதான். ஒரு வாரச் சோலி குப்பையில போச்சு. நீங்க அந்த வேலைக்குப் போவாதிய.

இப்ப ரீகோன் எப்படிச் செய்யணும்னு சொல்லுதேன். நீங்களே செய்யாட்டாலும் கடைக்காரர் செய்யும்போது பக்கத்துல நின்னு பாக்க உதவும். அறுக்கதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, எந்த டெர்மினல் எந்தக் காயில், எது பிளஸ்ஸு எல்லாம் தெரியணும். வெர்னியர் வச்சு காயில் விட்டம், சுத்து உயரம், குழல் உயரம், ஸ்பைடர் உக்காருற திட்டோட விட்டம் எல்லாம் எழுதி வச்சிக்கிடுங்க. பழைய பசையை அசிட்டோன் போட்டு ஊற வச்சு சொரண்டணும், ஆனா அதுக்கு முன்னால கேப்பை டேப் போட்டு மூடணும், இல்லன்னா சொரண்டுன குப்பை மொத்தமும் உள்ள போவும். பக்கத்துல கிரில் பட்டறை, லேத்து இருந்தா அங்ஙன வச்சுச் செய்யவே செய்யாதிய, இரும்புத் தூள் காத்துல பறந்து வந்து கேப்புல உக்காந்துரும். பசை போன எடத்தை உப்புத்தாள் போட்டுத் தேச்சு சொரசொரப்பா வைக்கணும், அப்பத்தான் புதுப் பசை பிடிக்கும்.

காயிலை நடுவுல நிறுத்துறதுதான் இதுல உயிர். நடு இரும்புக்கும் குழலோட உள்பக்கத்துக்கும் நடுவுல துண்டு துண்டா பிளாஸ்டிக் சீட்டு சொருகணும், பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், வீட்ல யாருக்காவது எடுத்த எக்ஸ்ரே கெடக்கும், டாக்டர் இனிமே வேண்டாம்னு சொன்னதுக்கு அப்பறமா எடுத்துக்கிடுங்க. சீட்டு போட்டதுக்கு அப்பறம் காயில் ஆடக் கூடாது, ஆனா மேலயும் கீழயும் நகத்துனா நகரணும். அடுத்து உயரம். கேப்பைச் சுத்தி மேக்னட் மேல இருக்கிற இரும்புத் தட்டோட கனம் 10 மில்லி, காயில் சுத்து உயரம் 40 மில்லின்னு வையுங்க, தட்டுக்கு மேல 15, கீழ 15 நிக்கணும். அந்த 15தான் கோன் ஒரு பக்கம் ஒழுங்கா ஓடுற தூரம். அதுல 5 மில்லி மாத்தி ஒட்டிட்டா ஒரு பக்கம் 20, ஒரு பக்கம் 10, ஒரு பக்கம் பாட்டு இன்னொரு பக்கம் குழப்பம், சூடும் ஒரே பக்கம் ஏறும். அவசரக் கடைகள்ல கண்ணால பாத்து ஒட்டிருவாவ. ஸ்கேலு வச்சு அளந்து குழல்ல பென்சிலால கோடு போடச் சொல்லுங்க, சங்கடப்படாதிய.

பசையில கஞ்சத்தனம் பண்ணாதிய. காயில் குழல், ஸ்பைடர், கோன் கழுத்து மூணும் சேருற எடம்தான் அத்தனை சூட்டையும் அத்தனை இழுப்பையும் தாங்குது. அங்ஙன ஹார்டுவேர் கடையில விக்கிற அஞ்சு நிமிச எபாக்சி போட்டா சூட்டுல இளகிரும், சூடு தாங்குற ஸ்லோ எபாக்சிதான் போடணும், கிட்டோடயே பெரும்பாலும் வரும். சட்டத்துல ரப்பரை ஒட்ட ரப்பர் சொல்யூஷன் மாதிரி வளையுற பசை. சூப்பர் க்ளூ மட்டும் கிட்டத்துலயே வரக் கூடாது, காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிரும், நாலு நாள் அடிச்சா பொளந்துக்கிடும். எல்லாம் ஒட்டுனதுக்கு அப்பறம் ஒரு முழு நாள் சீட்டை எடுக்கவே கூடாது. கொடை நாளைக்கு, இன்னைக்கு சாயங்காலம் வேணும்னு கெஞ்சுறவியளுக்கு நான் செஞ்சே குடுக்கதில்ல.

பின்னல் வயரை சால்டர் பண்ணும்போது கோன் முழுசா வெளிய வந்தாலும் இழுபடாத அளவு நீளம், உள்ள போனாலும் கோனை அடிக்காத அளவு நீளம். ரொம்ப லூசா விட்டா கோன்ல பட்டு டப் டப்னு அடிக்கும், அதைக் கேட்டுட்டு காயில் போச்சுன்னு திரும்பவும் வருவாவ. மூடியைக் கடைசியா ஒட்டணும். சீட்டை எடுத்துட்டு, மூடி ஒட்டாமலே கொஞ்சம் பவர்ல 15, 20 ஹெர்ட்ஸ் டோன் போட்டு பக்கத்துல காது வையுங்க, காத்து சத்தம் மட்டும் வரணும். ஒரு 9 வோல்ட் பேட்டரியை பிளஸ்ஸுக்கு பிளஸ் தொட்டா கோன் வெளிய வரணும், ரெண்டு காயில்லயும் தனித்தனியா பாருங்க. ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள போச்சுன்னா வயர் மாறியிருக்கு, அப்படியே ரெண்டையும் சேத்து மாட்டுனா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிடும், சத்தம் வராது, சூடு மட்டும் வரும்.

நேரம் இருந்தா அதிர்வெண்ணையும் பாத்துருங்க. சின்ன ஆம்ப் ஒண்ணுல போன்ல இருந்து டோன் குடுத்து, நடுவுல ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஒரு காயிலுக்கு மட்டும் குடுங்க, இன்னொரு காயில் சும்மா தெறந்து கிடக்கட்டும். காயில் மேல ஏசி வோல்ட் மீட்டரை வச்சு டோனை 15ல இருந்து 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்திக்கிட்டே போங்க. மீட்டர் எங்க உச்சிக்குப் போவுதோ அதுதான் சப்போட சொந்த அதிர்வெண். கம்பெனி பேப்பர்ல போட்டதை விட ரெண்டு மூணு ஹெர்ட்ஸ் கூட இருந்தா பரவால்ல, புது ஸ்பைடர் வெறப்பா இருக்கும், ஓட ஓட எறங்கும். பத்து பதினஞ்சு ஹெர்ட்ஸ் வித்தியாசம்னா வேற கிட்டைப் போட்டுத் தலையில கட்டிட்டாவ.

சப்பு திரும்பி வந்தாச்சு, வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடிதான் நெசமான ரிப்பேர் இருக்கு. ஆம்ப்ல பேஸ் பூஸ்ட்டை சைஃபர்ல வையுங்க, அந்த குமிழை நான் பாத்தாலே பிடுங்கிப் போடலாம் போல இருக்கும். ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, இன்ஜின் ஓடும்போது, ஸ்டீரியோவை நீங்க எப்பவும் வைக்கிற உச்ச வால்யூம்ல வச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு அவுட்புட்ல ஏசி வோல்ட் பாருங்க. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வோல்ட். 1000 வாட், 1 ஓம்னா 31.6 வோல்ட். நான் உங்களுக்கு 700 வாட்டுக்குத்தான் வைக்கச் சொல்லுவேன், 26.5 வோல்ட். 1000க்கும் 700க்கும் காதுக்கு வித்தியாசம் ஒண்ணரை டெசிபல்தான், பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது, ஆனா காயிலுக்கு முப்பது சதவீதம் சூடு கொறையும். போர்ட் பாக்ஸ் 35 ஹெர்ட்ஸ்ல டியூன் பண்ணியிருந்தா சப்சோனிக் ஃபில்டரை 28, 30ல வையுங்க, அதுக்குக் கீழ பாக்ஸ்ல இருக்கிற காத்து கோனைத் தாங்காது, கோன் பிடி இல்லாம ஓடி அடியில இடிக்கும்.

அடுத்து கரண்ட். பேட்டரியில இருந்து வர்ற வயர் சுத்தத் தாமிரமான்னு நுனியைச் சொரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்கு மேல தாமிரம் பூசுனது, அது தாமிரத்தோட மூணுல ரெண்டு பங்குக்கும் கொறவாத்தான் கரண்டைக் கடத்தும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு முழத்துக்குள்ள இருக்கணும், ஆம்ப் பக்கத்துல போட்டா நடுவுல வயர் உரசித் தீப்பிடிச்சா யாரு காப்பாத்துவா. டேஷ்ல நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு வோல்ட் மீட்டர் மாட்டி வையுங்க, பாட்டு ஓடும்போது 12.5க்குக் கீழ போனா சத்தத்தைக் கொறைங்க. கொடையில நிப்பாட்டி ஓட்டணும்னா ரெண்டாவது பேட்டரி இல்லாம முழு சத்தம் கிடையாது, அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு 2000ல வந்த சத்த விதி வேற இருக்கு, காயிலுக்கும் அது நல்லதுதான்.

பராமரிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. புதுக் கோன் போட்டா மொத பத்து மணி நேரம் பாதி சத்தத்துல ஓட்டுங்க. அக்னி நட்சத்திரத்துல வண்டியை நாள் முழுக்க வெயில்ல போட்டுட்டு ஏறுன ஒடனே அடிக்காதிய, பாக்ஸ் உள்ளயும் பசையும் ஏற்கெனவே சுட்டுக் கெடக்கும், ஏசி போட்டு பத்து நிமிசம் மெதுவா ஓடட்டும். பாட்டுக்கு நடுவுல வாடை வந்தா "இந்தப் பாட்டு முடியட்டும்"னு பாக்காம அப்பவே கொறைங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சப்பு ஸ்குரூவை எதிரெதிரா இறுக்கி, ஓம் ரீடிங் எழுதி வைங்க, கையால அமுக்கிப் பாருங்க, பேட்டரி டெர்மினல்ல வெள்ளைப் பொடி பூத்திருந்தா வெந்நீர் ஊத்திக் கழுவுங்க. பின் ஓட்டைக்கும் பாக்ஸ் சுவருக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை எடமாவது இருக்கணும். குத்தாலம் சீசன்ல ஈரத் துணியோட டிக்கியை மூடிப் போடாதிய, எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) பாக்ஸ் ஊறி உப்பிரும். கிராமத்துல நிக்கிற வண்டின்னா போர்ட் வாயில ஒரு வலை போட்டுருங்க, எலி உள்ள போயி குட்டி போட்டு ஸ்பைடரைக் கடிச்சு வச்ச சப்பு ரெண்டு பாத்திருக்கேன். பளபளப்புக்குத் தேங்கா எண்ணெய் தடவுதேன்னு ஒருத்தர் ரப்பர்ல தடவி, அது ஊறி, பசை விட்டு, பூரி மாதிரி எழும்பிட்டு. ஈரத் துணி போதும்.

கடைசியா, ஒரு காயில் மட்டும் நல்லா இருந்தா அதை வச்சு ஓட்டலாமான்னு கேட்டிருந்திய. கருகுன காயில் அந்து திறந்து கெடந்தா ஒரு அவசரத்துக்கு மெதுவா ஓட்டலாம், பாதி பவர்தான், ஆம்புக்கும் 2 ஓம் லோடுதான் தெரியும். ஆனா அது ஷார்ட் ஆயிருந்தா கோன் அசையும்போதெல்லாம் பிரேக் பிடிக்கும். ரெண்டும் ஒரே குழல்ல சுத்துனது, ஒண்ணு பொங்கி உப்புனா இன்னொண்ணையும் கேப்புல இழுத்து உரச வைக்கும். கையால அமுக்கும்போது சர்ர்னு ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் வயரைக் கழட்டி வச்சிருங்க, நல்ல காயில்ல இருந்து தேஞ்ச கம்பித் தூளு கேப்பு முழுக்க போயிட்டுன்னா அதைச் சுத்தம் பண்ணுறதுக்கே எனக்கு ஒரு நாள் கூலி எச்சா தரணும்.